தராசை ஒதுக்கிய உணவு ஆலோசனை

எடைக் குறைப்பை இலக்காக வைக்காமல் உணவு ஆலோசனை வழங்கும் முறை, அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் கடந்த நாற்பது ஆண்டுகளில் உருப்பெற்றது. இம்முறையில் ஆலோசனைக்கு வருபவரை எடை பார்க்கும் கருவியில் ஏற்றுவதில்லை. கலோரிக் கணக்கு எழுதிவரச் சொல்வதில்லை. தொடக்கூடாத பண்டங்களின் பட்டியலும் கொடுப்பதில்லை. பசி எப்போது எடுக்கிறது, வயிறு நிறைந்தது எப்போது தெரிகிறது, பயந்து ஒதுக்கும் உணவு எது, நாளில் எந்த வேளை விட்டுப்போகிறது என்ற கேள்விகளிலிருந்துதான் பேச்சு தொடங்குகிறது. ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, தூக்கம், உடலுழைப்பு, உணவைப் பற்றிய கவலை ஆகியவையே முன்னேற்றத்தின் அளவுகோல்கள். இடையில் எடை கூடலாம், குறையலாம், அப்படியே நிற்கலாம். அது வெற்றியாகவோ தோல்வியாகவோ பதிவாவதில்லை.

டயட்டீஷியன்களின் தொழிலுக்கு வெளியே இருந்தவர்கள் கிளப்பிய எதிர்ப்பாகவே இது பெரும்பாலும் விவரிக்கப்படுகிறது. அதில் பாதிதான் உண்மை. தங்களிடம் வந்து எடை குறைந்து போனவர்கள் ஓரிரு ஆண்டுகளில் பழைய எடையோடு திரும்பி வருவதைப் பார்த்துச் சலித்துப்போன டயட்டீஷியன்களே இதன் மறுபாதி. அவர்கள் வெளியே எடுத்துவைத்த தராசு, ஆலோசனை அறைக்குள் வந்ததும் அப்படியொன்றும் பழைய காலத்தில் அல்ல.

நோய்க்காக உணவைக் கட்டுப்படுத்துவது பழைய வழக்கம். கிரேக்க வைத்தியத்திலும் ஆயுர்வேதத்திலும் சித்த மருத்துவத்திலும் அது உண்டு. ஆனால் சித்த வைத்தியர் சொல்லும் பத்தியம் நோயையும் மருந்தையும் ஒட்டியது. மருந்து முடிந்தால் மறுபத்தியம், பிறகு வழக்கமான சாப்பாடு என்று அதற்கு ஒரு முடிவு இருக்கும். நோய் எதுவும் சொல்லப்படாத ஒருவர், எண்ணாக எழுதிவைத்த ஓர் எடையை எட்டுவதற்காகக் காலமெல்லாம் அளந்து சாப்பிடுவது 19ஆம் நூற்றாண்டில்தான் பரவத் தொடங்கியது. லண்டனில் சவ அடக்க ஏற்பாட்டுத் தொழில் நடத்திய வில்லியம் பான்டிங், ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் ஆகியவற்றை விட்டுச் சுமார் 46 பவுண்டு, அதாவது 21 கிலோ குறைத்த கதையை 1863இல் சிறு நூலாக வெளியிட்டார். அவருக்கு அந்த யோசனையைச் சொன்னவர் காது மருத்துவரான வில்லியம் ஹார்வி. காது மந்தமாகிறது என்று போனவருக்குக் கிடைத்தது டயட். நூல் பரபரப்பாக விற்றது.

கலோரி அதற்குப் பின்னால் வந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்பர் அட்வாட்டர், மனிதர் ஒருவரை மூடிய அறைக்குள் வைத்து அவர் வெளியிடும் வெப்பத்தை 1890களில் அளந்தார். குறைந்த கூலியில் உழைப்பாளிக் குடும்பம் போதிய சத்தை வாங்குவது எப்படி என்ற கேள்வியே அவரை உந்தியது. காசுக்கு அதிகக் கலோரி கிடைக்கும் பண்டம் எது என்று தேடியவரின் கணக்கை, அடுத்த தலைமுறை தலைகீழாகத் திருப்பிவிட்டது. லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவர் லூலு ஹன்ட் பீட்டர்ஸ் 1918இல் எழுதிய கலோரி நூல், ரொட்டித் துண்டை ரொட்டித் துண்டு என்று சொல்லாமல் இத்தனை கலோரி ரொட்டி என்று எண்ணப் பழகும்படி பெண்களுக்குச் சொன்னது. போர்க்காலத்தில் உணவைச் சிக்கனப்படுத்துவது நாட்டுப்பற்று என்ற பேச்சும் அதற்குக் கைகொடுத்தது. 1920களில் அமெரிக்காவில் மிக அதிகம் விற்ற நூல்களில் அது ஒன்று. அமெரிக்க டயட்டீஷியன்கள் தங்களுக்கென ஒரு சங்கத்தை 1917இல் கிளீவ்லாந்து நகரில் தொடங்கியிருந்தார்கள். தொழிலும் கலோரிக் கணக்கும் ஏறக்குறைய ஒரே வயதில் வளர்ந்தன.

எந்த எடை சரியான எடை என்று சொல்லும் அதிகாரம் மட்டும் மருத்துவமனையிலிருந்து வரவில்லை, காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் லைஃப் நிறுவனத்தில் புள்ளியியலாளராக இருந்த லூயி டப்ளின், பாலிசிதாரர்களின் உயரம், எடை, இறப்பு விவரங்களைத் தொகுத்து 1942இல் பெண்களுக்கும் 1943இல் ஆண்களுக்கும் எடை அட்டவணைகளை உருவாக்கினார். அதுவரை புழங்கிய அட்டவணைகள் வயது ஏறஏறச் சராசரி எடையும் ஏறுவதை இயல்பாகக் காட்டின. 25 வயதில் இருக்க வேண்டிய எடையே கடைசிவரை இருக்க வேண்டும் என்றார் டப்ளின். உடலமைப்பைச் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்றாகப் பிரித்தார். யார் எதில் சேர்வார் என்று தீர்மானிக்க எந்த அளவையும் தரவில்லை. 1959இல் அட்டவணை திருத்தப்பட்டபோதும் அந்தக் குறை தீரவில்லை. முழங்கை எலும்பின் அகலத்தை அளக்கும் வழி 1983இல்தான் வந்தது. அந்தத் திருத்தத்தில் பரிந்துரைக்கப்பட்ட எடைகள் முன்பைவிட உயர்ந்தன என்பது தனிக்கதை. உடையோடும் காலணியோடும் அளந்த எண்கள் இவை. காப்பீடு வாங்க வசதியுள்ளவர்களே கணக்கில் இருந்தார்கள், அவர்களிலும் பெரும்பாலோர் வெள்ளையர். பிரீமியம் நிர்ணயிக்க இவ்வளவு போதும். ஆனால் அதே தாள் மருத்துவரின் சுவரில் ஏறியது. அங்கிருந்து டயட்டீஷியனின் மேசைக்கு வந்தது.

அட்டவணையின் இடத்தை உடல் நிறை குறியெண் பிடித்தது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் அந்தச் சூத்திரம், பெல்ஜிய வானியலாளரும் புள்ளியியலாளருமான அடோல்ஃப் கெட்லே 1830களில் ‘சராசரி மனிதனை’ வரையறுக்க முயன்றபோது கிடைத்தது. நோயைக் கணிப்பது அவர் நோக்கமல்ல. 1972இல் ஆன்செல் கீஸ் தலைமையிலான குழு அதற்கு இன்று நாம் அறியும் பெயரைத் தந்து, காப்பீட்டு அட்டவணைகளைவிட மக்கள்தொகை ஆய்வுகளுக்கு இது பரவாயில்லை என்று காட்டியது. 1998இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் ‘கூடுதல் எடை’ தொடங்கும் எல்லையை ஆண்களுக்கு 27.8இலிருந்தும் பெண்களுக்கு 27.3இலிருந்தும் 25ஆக இறக்கியது. முந்தைய இரவு சாதாரண எடையோடு தூங்கப்போன இரண்டரைக் கோடிக்கும் அதிகமான அமெரிக்கர்கள், காலையில் எழுந்தபோது கூடுதல் எடையினராகிவிட்டார்கள்.

குறியெண்ணுக்குப் பெயர் வைத்த அதே கீஸ்தான், டயட்டை எதிர்ப்பவர்கள் இன்றுவரை அதிகமாகச் சுட்டும் ஆய்வையும் நடத்தியவர். இரண்டாம் உலகப்போரின் முடிவில் பட்டினியில் வாடிய ஐரோப்பியர்களுக்கு மறுபடி உணவூட்டுவது எப்படி என்று கண்டறிய, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்களைக் கொண்டு 1944 நவம்பரில் அது தொடங்கியது. போரில் ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம் தராதவர்கள் தாமாக முன்வந்து பங்கேற்றார்கள். 24 வாரங்களுக்கு அவர்களுக்குக் கிடைத்தது நாளொன்றுக்குச் சராசரியாக 1,570 கலோரி. உருளைக்கிழங்கு, கிழங்குக் காய்கள், கருப்பு ரொட்டி, மக்ரோனி ஆகியவையே சாப்பாடு. வாரம் 22 மைல் நடக்கவும் வேண்டும். எடையில் கால்பங்கு போனது. அதை எல்லாரும் எதிர்பார்த்தார்கள். எதிர்பாராதது அவர்களின் மனம் போன போக்கு. அரசியலும் மதமும் பேசிக்கொண்டிருந்தவர்கள் சாப்பாட்டைத் தவிர வேறெதையும் பேசவில்லை. சமைக்கத் தெரியாதவர்கள் சமையல் நூல்களைச் சேர்த்தார்கள். தட்டை நக்கினார்கள், உணவில் தண்ணீர் ஊற்றிப் பெருக்கி மணிக்கணக்கில் உண்டார்கள், காபியும் சூயிங்கமும் அளவின்றிப் போயின. சோர்வும் எரிச்சலும் வந்தன; ஒருவர் கோடரியால் தன் விரல்களையே வெட்டிக்கொண்டார். கட்டுப்பாடு விலகிய பிறகோ வயிறு நிறைந்தும் பசி அடங்கவில்லை. நாளுக்கு 5,000 கலோரிக்கு மேல் உண்டவர்கள் இருந்தார்கள். இழந்த தசை மெதுவாகத் திரும்பியது. கொழுப்பு முந்திக்கொண்டு சேர்ந்தது.

1950இல் இரண்டு பெரும் தொகுதிகளாக இது வெளியானபோது, பட்டினியைப் பற்றிய நூலாகவே படிக்கப்பட்டது. டயட்டைப் பற்றிய நூலாக அது படிக்கப்பட இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. எடைக் குறைப்பு என்ற பெயரில் மருத்துவமனைகள் எழுதிக்கொடுத்த 1,200 கலோரி உணவுத்திட்டம், மினசோட்டாவின் ‘அரைப் பட்டினி’யைவிடக் குறைவானது என்பதை உணவுக் கோளாறு சிகிச்சையாளர்கள் கவனித்த பிறகே அந்தத் தொகுதிகளுக்குப் புது வாசகர் கிடைத்தார்கள். ஒப்பீட்டில் ஓட்டை இல்லாமலில்லை. அந்த இளைஞர்கள் தொடக்கத்திலேயே ஒல்லியானவர்கள், பருமனான உடலில் சேமிப்பு அதிகம். ஆனாலும் கட்டுப்பாட்டுக்குப் பின் வரும் அடங்காப் பசி மனவுறுதிக் குறைவால் வருவதல்ல, உடலின் பதில் என்ற கருத்துக்கு இதைவிட வலுவான சான்று அப்போது வேறு இல்லை.

குறைத்த எடை நிலைப்பதில்லை என்ற ஒப்புதல் மருத்துவமனைக்குள்ளிருந்தே 1959இல் வந்தது. மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்டும் மேவிஸ் மக்லாரன்-ஹியூமும், நியூயார்க் மருத்துவமனையின் உணவியல் பிரிவுக்கு எடைக் குறைப்புக்காக வந்த 100 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். 20 பவுண்டு குறைத்தவர்கள் 12 பேர். இரண்டாண்டு கழித்து அந்தக் குறைவைத் தக்கவைத்திருந்தவர்கள் 2 பேர். டயட்டில் 95 சதவீதம் தோற்கும் என்று இன்று சொல்லப்படும் கணக்கின் வேர் பெரும்பாலும் இங்கேதான் போய் முடிகிறது. நூறு பேரும் ஒரு மருத்துவமனையும் அவ்வளவு பெரிய எண்ணைத் தாங்காது. எதிர்ப்பாளர்கள் அதை அளவுக்குமீறிப் பயன்படுத்தினார்கள். ஆனால் 1992இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் மாநாடும், குறைத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் இரண்டு பங்கு வரை ஓராண்டுக்குள்ளும் ஏறக்குறைய முழுவதும் ஐந்தாண்டுக்குள்ளும் திரும்பிவிடுவதாகவே முடிவுக்கு வந்தது.

ஸ்டங்கார்டின் கட்டுரையால் தொழிலில் எதுவும் மாறவில்லை. ஜீன் நைடெட்ச் நியூயார்க்கில் 1963இல் தொடங்கிய வெயிட் வாட்சர்ஸ், வாராந்தரக் கூட்டத்தில் எடை பார்ப்பதையே சடங்காக்கி நாடெங்கும் பரவியது. 1978இல் ஹைன்ஸ் உணவு நிறுவனம் அதை வாங்கியது. தக்காளி சாஸ் விற்றவர்களே எடைக் குறைப்பையும் விற்றார்கள்.

எதிர்ப்பு தெருவில்தான் முதலில் எழுந்தது. 1967இல் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் சுமார் 500 பேர் கூடி டயட் நூல்களையும் ஒல்லியான மாடல் ட்விகியின் படத்தையும் கொளுத்தினார்கள். அதே ஆண்டு லூ லௌடர்பேக், பருமனானவர்கள் தங்களை வருத்திக்கொள்வதை எதிர்த்துப் புகழ்பெற்ற இதழ் ஒன்றில் எழுதினார். அதைப் படித்த பொறியாளர் பில் ஃபேப்ரி, தன் மனைவி படும் அவமானங்களால் நொந்திருந்தவர், 1969இல் பருமனானோர் உரிமைச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். 1973இல் லாஸ் ஏஞ்சலஸ் பெண்களின் சிறு குழு ஒன்று இன்னும் காரமான அறிக்கையை வெளியிட்டது. மருத்துவ இதழ்களைப் படித்து, டயட் ஆய்வுகளின் தோல்வி எண்களை அந்த இதழ்களிலிருந்தே எடுத்துக் கேள்வி கேட்டவர்கள் அவர்கள். அமெரிக்காவின் கீழைக் கரையில் கேரல் மன்ட்டர் 1970இல் நடத்திய பெண்கள் குழுவில், அளவுமீறி உண்பதை நிறுத்த முதலில் டயட்டை நிறுத்துவது என்ற தலைகீழ் யோசனை பரீட்சிக்கப்பட்டது. அந்தக் குழுவில் இருந்த சூசி ஆர்பாக் லண்டன் திரும்பி 1978இல் எழுதிய நூல், உடற்பருமனைப் பெண்ணியத்தின் கேள்வியாக்கியது. உரிமைப் பேச்சு ஒரு தொழில்முறைக் கருவியாக மாறத் தொடங்கியது இந்த நூலிலிருந்துதான். பசித்தால் உண்பது, எது வேண்டுமோ அதை உண்பது, நிறைந்தால் நிறுத்துவது என்ற மூன்று படிகள் அதில் தெளிவாக வந்துவிட்டன.

அதற்கான ஆய்வக ஆதாரம் உளவியலிலிருந்து கிடைத்தது. பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் 1975இல் வெளியிட்ட சோதனையில், கல்லூரி மாணவியருக்கு மில்க்ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமைச் சுவைத்து மதிப்பிடச் சொன்னார்கள். டயட் பழக்கமில்லாதவர்கள் மில்க்ஷேக் குடித்த அளவுக்கு ஏற்ப ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் டயட்டில் இருப்பவர்களோ, மில்க்ஷேக் குடித்த பிறகு அதிகமாகச் சாப்பிட்டார்கள். இன்றைய கணக்கு கெட்டுவிட்டது, நனைந்தபின் முக்காடு எதற்கு என்ற மனநிலை அது. டொரான்டோவில் ஜேனட் போலிவியும் ஹெர்மனும் இதை விரித்து 1983இல் நூலாக்கினார்கள். பசியும் நிறைவும் உள்ளிருந்து உணரப்படுபவை, வெளியே வரைந்த விதி அந்த உணர்வை மழுங்கடிக்கிறது என்பது அதன் சாரம்.

உள்ளுணர்வை நம்பலாமா என்ற கேள்வி குழந்தை மருத்துவத்தில் இதற்கும் அரை நூற்றாண்டு முன்பே எழுந்திருந்தது. 1926இல் கிளீவ்லாந்திலும் பிறகு சிகாகோவிலும் மருத்துவர் கிளாரா டேவிஸ், பால்மறந்த 15 குழந்தைகளின் முன்னே இறைச்சி, ஈரல், எலும்பு மஜ்ஜை, மீன், பால், தானியம், காய், பழம், தனிக்கிண்ணத்தில் உப்பு என முப்பதுக்கும் மேற்பட்ட எளிய உணவுகளை வைத்தார். செவிலியர் எதையும் நீட்டக்கூடாது. குழந்தை கைநீட்டிச் சுட்டினால் மட்டும் கரண்டியில் எடுத்து ஊட்டலாம். ஒரு வேளை விசித்திரமாக உண்ட குழந்தைகளும் மாதக்கணக்கில் பார்த்தால் ஈடுகட்டி நன்றாக வளர்ந்தன. ரிக்கெட்ஸ் நோயோடு வந்த குழந்தை ஒன்று, நோய் தீரும்வரை மீனெண்ணெயைத் தானே விரும்பிக் குடித்தது. எதைத் தட்டில் வைக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம் என்று டேவிஸே சொல்லிவிட்டார். சர்க்கரையும் மாவுப் பண்டமும் அந்தத் தட்டில் இல்லை. பின்னால் வந்த பலர் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டி இந்த எச்சரிக்கையை மறந்துபோனார்கள்.

மறக்காதவர் விஸ்கான்சின் மாநிலத்தின் டயட்டீஷியன் எலின் சாட்டர். அவர் 1980களில் வகுத்த பொறுப்புப் பகிர்வு எளியது. எதை, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு. உண்பதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. ‘இன்னும் ஒரு வாய்’ என்று கெஞ்சுவதும், பருமனான குழந்தையின் தட்டிலிருந்து எடுத்துவிடுவதும் இதில் ஒரே தவறின் இரு பக்கங்கள். டயட் இல்லாத ஆலோசனையில் டயட்டீஷியன் தொழிலின் மொழியிலேயே எழுதப்பட்ட முதல் பெரும் பங்களிப்பு சாட்டருடையது என்று சொல்லலாம்.

1980களின் இறுதியில் திரவ உணவு டயட்டுகள் உச்சத்தில் இருந்தன. 1988இல் ஓப்ரா வின்ஃப்ரி, தான் இழந்த 67 பவுண்டுக்கு ஈடான விலங்குக் கொழுப்பை ஒரு சிறு வண்டியில் இழுத்துவந்து தொலைக்காட்சியில் காட்டினார். அந்த எடை திரும்பி வந்ததையும் நாடே பார்த்தது. 1990இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு எடைக் குறைப்பு வணிகத்தின் விளம்பரங்களை விசாரித்தது. கனடா அரசு 1990களின் தொடக்கத்தில், எடை பற்றிய பேச்சை விட்டு நல்ல உணவு, உடலியக்கம், தன்னுடல் மீது மதிப்பு என்ற மூன்றை முன்வைத்து ‘வைட்டாலிட்டி’ என்ற திட்டத்தைப் பரப்பியது. அரசே இப்படிப் பேசியது புதிது. பிரிட்டனில் மேரி எவன்ஸ் யங் 1992 மே மாதத்தில் ‘டயட் இல்லா நாள்’ கொண்டாடத் தொடங்கினார். மே 6 இன்றும் பல நாடுகளில் அந்தப் பெயரில் அனுசரிக்கப்படுகிறது.

இந்த இழைகளெல்லாம் ஆலோசனை அறையின் முறையாகச் சேர்ந்தது 1995இல். கலிபோர்னியாவின் எவலின் டிரிபோலே, எலீஸ் ரெஷ் இருவரும் பதிவுபெற்ற டயட்டீஷியன்கள். வழக்கமான உணவுத்திட்டங்களை எழுதிக்கொடுத்து, அவை நிலைக்காததைக் கண்டவர்கள். அவர்கள் எழுதிய ‘இன்ட்யூட்டிவ் ஈட்டிங்’ நூல் பத்துக் கொள்கைகளாக முறையை வகுத்தது. டயட் மனநிலையைக் கைவிடுவது முதலில் வருகிறது. பசியை மதிப்பது, உணவோடு சமாதானம், நிறைவை உணர்வது, மனவருத்தத்துக்கு உணவல்லாத ஆறுதல் என்று போய், சத்துணவு பற்றிய பேச்சு பத்தாவதாகத்தான் வருகிறது. இந்த வரிசை தற்செயலானதல்ல. சத்து பற்றிய தகவலை முதலிலேயே சொன்னால், பலகாலம் டயட்டில் பழகியவர் அதையும் இன்னொரு தடைப்பட்டியலாக மாற்றிக்கொள்வார் என்பது அனுபவத்தில் கண்டது. பசியைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பிட்டுக் குறிப்பது, பயந்த பண்டத்தைத் திட்டமிட்டு உண்டு அதன் மீதான வெறி தணிவதைக் கவனிப்பது ஆகியவை அறையில் நடக்கும் பயிற்சிகள். 2006இல் ஓஹாயோவின் டிரேசி டில்கா இந்த உண்ணும் பாங்கை அளக்கும் வினாத்தாளை உருவாக்கிய பின், அது பல்கலைக்கழக ஆய்வுப்பொருளும் ஆனது.

எடையை முற்றாக விலக்கிய நிலைப்பாடு ‘ஹெல்த் அட் எவ்ரி சைஸ்’ என்ற பெயரில் தனி இயக்கமாகி, 2003இல் சங்கமும் கண்டது. அதன் முக்கியச் சோதனை கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் நடந்தது. பலமுறை டயட் இருந்து பழகிய, பருமனான 78 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான எடைக் குறைப்புப் பயிற்சியும் மறுபாதிக்கு எடை பேசாத பயிற்சியும் தரப்பட்டன. 2005இல் வெளியான முடிவின்படி, டயட் குழுவில் 41 சதவீதம் பேர் இடையிலேயே விலகினார்கள். மற்றதில் 8 சதவீதம். டயட் குழு எடை குறைத்து, இரண்டாண்டில் திரும்பப் பெற்றது. எடை பேசாத குழுவின் எடை அப்படியே இருந்தது; ஆனால் ரத்த அழுத்தமும் கொழுப்பும் மேம்பட்டு, அந்த மேம்பாடு நிலைத்தது. எண்ணிக்கை சிறியது, எல்லாரும் வெள்ளை இனப் பெண்கள் என்பதால் இதிலிருந்து பெரிய முடிவுக்குத் தாவ முடியாது. ஆலோசனைக்கு வந்தவர்கள் தொடர்ந்து வந்தார்கள் என்பதே தொழில் நோக்கில் இதன் பெரிய செய்தி. எடையைச் சொல்லி அவமானப்படுத்தப்பட்டவர் மருத்துவரிடம் போவதையே தள்ளிப்போடுகிறார் என்று எடையை வைத்துக் காட்டப்படும் பாகுபாடு பற்றிய ஆய்வுகள் காட்டியதும் இதோடு சேர்ந்தது.

எதிர்த்தரப்பின் சான்றுகளும் லேசானவை அல்ல. 2002இல் முடிவு வந்த அமெரிக்க நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தில், எடையை 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் இலக்காகக் கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. பிரிட்டனின் ‘டைரெக்ட்’ சோதனையில், நாளுக்கு 850 கலோரி அளவிலான திரவ உணவால் எடை குறைத்தவர்களில் 46 சதவீதம் பேரின் நீரிழிவு ஓராண்டில் மருந்தின்றி அடங்கியது. இரண்டாம் ஆண்டில் அது 36 சதவீதமாகியது. எடைக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்று சில பிரச்சாரகர்கள் பேசுவது இவற்றின் முன் நிற்காது. மறுபுறம், 5,145 நீரிழிவு நோயாளிகளை வைத்து நடந்த ‘லுக் அஹெட்’ சோதனை, தீவிர எடைக் குறைப்பால் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை என்று தெரிந்து 2012இல் நிறுத்தப்பட்டது. நடக்கும் திறனும் தூக்கமும் அதில் மேம்பட்டன. எடை பேசாத ஆலோசகர்களும் தராசை முழுதாக விடுவதில்லை. இதயச் செயலிழப்பில் உடலில் நீர் கோப்பதையும், மருந்தளவையும், பசியின்மை நோயில் உயிரபாயத்தையும் அறிய எடை வேண்டும். அப்போது நோயாளி முள்ளைப் பார்க்காதபடி திரும்பி நிற்கச் செய்து எடை பார்ப்பது வழக்கம்.

இந்தியாவில் உணவியல் வேறொரு வாசல் வழியாக வந்தது. மருத்துவர் ராபர்ட் மக்காரிசன் குன்னூரில் 1918இல் தொடங்கிய, பெரிபெரி என்ற சத்துக்குறைவு நோய் பற்றிய விசாரணைதான் பின்னாளில் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. அங்கே எடை பார்த்தது குறைந்திருக்கிறதா என்று அறியவே. குண்டானவரை மெலியவைக்கும் ஆலோசனை, நகர மருத்துவமனைகளுக்கு மிகப் பிந்தி வந்த இறக்குமதி. எண்ணின் குறையும் இங்கே துலக்கமாகத் தெரிந்தது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யூட்கினும் அருகருகே நின்று எடுத்த படம் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் குறியெண் ஒன்றே, 22.3. யூட்கினின் உடல் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குடையது 21.2. ஒல்லியாகத் தெரியும் இந்தியருக்கும் நீரிழிவு வருவதன் காரணம் ஒரு படத்தில் விளங்கியது. இத்தகைய வேறுபாட்டுக்கு விடையாக ஆசியர்களுக்குக் கூடுதல் எடையின் எல்லையை 23ஆக இறக்கினார்கள். எண்ணை நம்புவது சரியா என்று கேட்டவர்கள் குறைவு. சென்னையில் மருத்துவர் அம்பாடி ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு இந்த இடத்தில் கவனிக்கத்தக்கது. நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரில், உணவும் நடையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவில்லை. எடை பேசாத முறை என்ற பெயர் அந்த ஆய்வில் எங்கும் இல்லை. ஆனாலும் அந்த முறையினர் சொல்லும் வாதத்துக்கு டேவிஸ் நகரின் 78 பேரைவிடச் சென்னையின் 531 பேர் நல்ல சாட்சி.

2013இல் உடற்பருமனை நோய் என்று அறிவித்த அமெரிக்க மருத்துவச் சங்கம், 2023இல் உடல் நிறை குறியெண்ணைத் தனித்த அளவுகோலாகக் கொள்வது சரியல்ல என்று கொள்கை வகுத்தது. அதற்குள் களம் மாறிவிட்டது. 2021இல் எடைக் குறைப்புக்கு அனுமதி பெற்ற செமாக்ளூடைட் ஊசி, 68 வாரங்களில் சராசரியாக 15 சதவீத எடையைக் குறைத்தது. ஊசியை நிறுத்திய ஓராண்டில் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. எடையை மனவுறுதியால் அல்ல, உடலே ஆள்கிறது என்று டயட் எதிர்ப்பாளர்கள் சொல்லிவந்ததை மருந்து நிறுவனங்கள் விளம்பரமாக்கின. வெயிட் வாட்சர்ஸ் 2023இல் இந்த ஊசிகளைப் பரிந்துரைக்கும் இணைய மருத்துவச் சேவையை வாங்கியது, 2025இல் திவால் பாதுகாப்புக் கோரி மனுச் செய்தது. அந்த நாள், ‘டயட் இல்லா நாள்’ ஆன மே 6 என்பது தற்செயல்.

ஆலோசனை அறையில் இதனால் எழுந்த சிக்கல் நடைமுறை சார்ந்தது. டயட் இல்லாத முறை முழுவதும் பசி என்ற உள்குரலைக் கேட்கும் பயிற்சியின் மீது நிற்கிறது. ஊசி முதலில் அடக்குவதோ அந்தக் குரலைத்தான். ஊசி போட்டுக்கொண்டு வருபவர் பசிக்காக உண்ணக் காத்திருந்தால் நாள் முழுக்கச் சாப்பிடாமலே போகலாம். தசையும் சேர்ந்து கரையும். ஆகவே உணவுக் கோளாறு சிகிச்சையில் முன்பே இருந்த, கடிகாரத்தைப் பார்த்து நேரத்துக்கு உண்ணும் முறையும், ஒவ்வொரு வேளையும் புரதம் இருக்கிறதா என்று பார்ப்பதும், பசிக் கணக்கின் இடத்தில் வந்து அமர்கின்றன.